வாகனத்தின் ரப்பர் புஷ்களை வீட்டிலேயே மாற்றுவது தகுமா?

மேடுபள்ளமான பாதையில் செல்லும் வாகனம் ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறும்பொழுது, அதன் அடியிலிருந்து ‘டொக்’ என்று ஓர் ஓசை எழுவதுண்டு. பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. இயந்திரம் சீராக இயங்குகிறது, பிரேக் பிடிக்கிறது, விளக்குகள் எரிகின்றன, ஆகவே குறை ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். ஆயினும், சக்கரத்தை வாகனத்தின் உடலோடு இணைக்கும் மூட்டு ஒன்று தளர்ந்துவிட்டது என்பதற்கு அவ்வோசை முதல் அறிவிப்பாக இருக்கக்கூடும். அம்மூட்டினுள் இருப்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு ரப்பர் உருளை. பட்டறைகளில் அதனைப் ‘புஷ்’ என்று அழைப்பர்.

தேய்ந்த புஷ்ஷை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்வது தகுமா என்பது பற்றி இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. வாகனத்தின் அடிப்பாகத்தில் பட்டறைக்காரரைத் தவிர வேறு எவரும் கை வைத்தல் ஆகாது என்பது ஒன்று. ஜாக்கியும் இரண்டு ஸ்பானர்களும் இருந்தால் எவரும் செய்துவிடலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல. முதலாவது கருத்து மக்களின் கைத்திறனைக் குறைத்து மதிப்பிடுகிறது. இரண்டாவது, இயற்கை விதிகளைக் குறைத்து மதிப்பிடுகிறது. எந்தப் புஷ், எத்தகைய இடம், எத்தகைய முறை என்பவற்றைப் பிரித்தறிந்து முடிவு செய்வதே அறிவுடைமை.

தங்கவயலின் நிலைமை

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்று வழங்கும் பகுதியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வயலில் அடியெடுத்து வைத்த பின்னர், தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இங்கே வந்து குடியேறினர். 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் இங்கே கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. பளுதூக்கும் எந்திரங்கள், பம்புகள், காற்றழுத்தக் கருவிகள், பாறை துளைக்கும் கருவிகள் ஆகியவற்றோடு மூன்று நான்கு தலைமுறைகள் பழகி வந்தன. 1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் மண் வாரும் கனரக வாகனங்களை உற்பத்தி செய்யும் தொழிற்சாலையை இவ்வூரில் நடத்தி வருகிறது. சுரங்கங்களோ 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அதன் பின்னர் பெருந்தொகையினர் நாள்தோறும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

இத்தகைய ஊரில், ஸ்பானரைப் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீடுகளின் முன் ஒரு பழைய காரையோ ஜீப்பையோ நிறுத்தி வைத்துப் பழுது பார்ப்பது இயல்பான காரியம். பட்டறைக் கூலியை மிச்சப்படுத்துவது மாத்திரம் அதன் நோக்கம் அன்று. கற்ற தொழிலைக் கைவிட மனமின்மையும் அதில் கலந்திருக்கும். இம்மக்களை நோக்கி, ‘தொடாதீர்கள்’ என்று கூறுவதில் பயனில்லை. எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது, தொட்டால் எவ்வாறு முடிக்க வேண்டும் என்று எடுத்துரைப்பதே பயனுள்ளது.

இவ்வூருக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பாறைத் தூள் மலைபோலக் குவிக்கப்பட்டுச் சயனைடு மேடுகளாக நிற்கிறது. காற்று வீசும் மாதங்களில் அத்தூள் எழுந்து வீதிகளிலும் வீடுகளிலும் படிகிறது. தங்கம் தாங்கிய பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ் ஆகும். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7ஆம் இடம். சாதாரண எஃகு அதற்குக் கீழேதான் உள்ளது. ஆகவே உலோகமும் உலோகமும் உராயும் மூட்டுகளில் இத்தூள் புகுந்தால், கிரீஸுடன் குழைந்து சாணைப் பசைபோல் செயல்பட்டு, அவற்றை விரைவில் தேய்த்துவிடும்.

புஷ் செய்யும் வேலை

பழங்காலத்து வாகன மூட்டுகளில் ரப்பர் இல்லை. மகீந்திரா நிறுவனத்தார் 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டி வெளியிடத் தொடங்கிய வில்லிஸ் ஜீப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டத்தின் வட்டார அலுவலகங்களில் ஜீப் வண்டி நெடுங்காலம் அடையாளச் சின்னமாகவே விளங்கியது. அக்காலத்து ஜீப்பின் வில்பட்டைகள், லாட வடிவான சேக்கிள்களில், மறை வெட்டிய எஃகு புஷ்களின் துணையோடு தொங்கின. மறையின் மீது மறை சுழன்று அசைவுக்கு இடம் கொடுத்தது. அதற்குத் தவறாமல் கிரீஸ் ஏற்ற வேண்டியிருந்தது. கிரீஸ் வறண்டாலோ தூசி புகுந்தாலோ மறை தேய்ந்து, வண்டி முழுவதும் கடகடக்கும். அந்நாளைய ஓட்டுநர்கள் இதனை நன்கு அறிவர்.

ரப்பர் புஷ் இத்தொல்லைக்கு வேறொரு வழியில் தீர்வு கண்டது. அதன் அமைப்பு எளிது. உள்ளே ஓர் எஃகுக் குழாய். வெளியே சற்றுப் பெரிய மற்றோர் எஃகுக் குழாய். இரண்டுக்கும் இடையே, இரண்டோடும் உறுதியாக ஒட்டிய ரப்பர். உட்குழாயின் வழியே போல்ட்டு செல்கிறது. அப்போல்ட்டை முடுக்கும்பொழுது, உட்குழாய் வாகனச் சட்டத்தின் இரு காதுகளுக்கிடையே நெருக்குண்டு அசையாமல் நின்றுவிடுகிறது. வெளிக்குழாய் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் துளையில் இறுகப் பதிந்திருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்பொழுது எந்த உலோகமும் எந்த உலோகத்தின் மீதும் சறுக்குவதில்லை. இடையிலுள்ள ரப்பரே முறுகிக் கொடுத்து, மீண்டும் தன் நிலையை அடைகிறது. சறுக்கும் பரப்பு இல்லாததால் கிரீஸும் வேண்டுவதில்லை. குவார்ட்ஸ் தூளுக்குத் தேய்ப்பதற்கு இடமும் இல்லை. தங்கவயல் போன்ற இடங்களுக்கு ரப்பர் புஷ் மிகவும் ஏற்றது என்பதன் காரணம் இதுவே.

ரப்பருக்கு இந்த மீள்சக்தியை அளித்தது வல்கனைசேஷன் என்னும் முறை. ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் உடையாமலும் நிலைத்த மீள்சக்தியைப் பெறுகிறது என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ஆயினும் ரப்பருக்குப் பகைவர்கள் உண்டு. கனிம எண்ணெயும் கிரீஸும் இயற்கை ரப்பரை ஊதச் செய்து வலுவிழக்கச் செய்கின்றன. காற்றிலுள்ள ஓசோன், இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெப்பம் அதனை இறுகச் செய்கிறது. புஷ் கிறீச்சிடுகிறது என்று அதன்மீது கிரீஸ் பூசுவோர், நன்மை செய்வதாக எண்ணித் தீமையே செய்கின்றனர்.

தேய்வை அறியும் வகை

‘டொக்’ ஓசை மட்டும் போதிய சான்றாகாது. ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட், ஸ்டீரிங் முனைகள் ஆகியவற்றின் தளர்ச்சியாலும் அவ்வாறே ஓசை எழலாம். வேறு அறிகுறிகளையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்பொழுது வண்டி ஒரு பக்கமாக இழுத்தல், நேர்ச்சாலையிலும் ஸ்டீரிங்கை அடிக்கடி திருத்த நேரிடுதல், டயரின் ஓர் ஓரம் மாத்திரம் தேய்தல் ஆகியவை அவற்றுள் சில. பின்னர் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, ஒரு நீண்ட கடப்பாரைக் கம்பியால் ஆர்மை மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும். ரப்பர் சிறிது கொடுத்து மீண்டால் அது நலமாக உள்ளது. உட்குழாய் நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, ரப்பர் குழாயிலிருந்து பிரிந்து நின்றாலோ, நெம்பும்பொழுது உலோகம் உலோகத்தில் மோதினாலோ மாற்றியே ஆக வேண்டும். மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிவதை மட்டும் கண்டு அஞ்சிப் பணத்தை வீணாக்கத் தேவையில்லை.

எது வீட்டில் செய்யத்தக்கது?

வில்பட்டையின் கண்ணில் இரு பாதிகளாகச் செருகப்படும் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பரின் முனைகளிலுள்ள புஷ், குறுக்குத் தண்டைப் பற்றியிருக்கும் பிளவுபட்ட புஷ் ஆகியவற்றைக் கைக்கருவிகளைக் கொண்டே மாற்றலாம். பொறுமையும், நல்ல வெளிச்சமும், வண்டிக்கு உறுதியான முட்டும் இருந்தால் போதும். வண்டியைக் கையாண்டு பழகியவர்கள் இவற்றை வீட்டில் செய்வதில் தவறில்லை என்பது மட்டுமல்ல. அதனை ஊக்குவிக்கவும் வேண்டும்.

எஃகுக் குழாயோடு ஆர்மினுள் இறுக்கிப் பதிக்கப்பட்ட புஷ் அடுத்த தரத்தைச் சார்ந்தது. ஆர்மைக் கழற்றி எடுத்துவிட்டால், நீண்ட போல்ட்டு, தடித்த வாஷர்கள், அளவுக்கேற்ற குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கொண்டு பழைய புஷ்ஷை இழுத்து வெளியேற்றிப் புதியதை இழுத்துப் பதிக்க முடியும். ஆனால் சுத்தியால் அடித்து ஏற்றுவது கூடாது. வெளிக்குழாய் கோணும், ஆர்மின் துளை விரியும். பழையதை எடுக்க நெருப்பிட்டு எரிப்பது அதனினும் தீது. ரப்பர்ப் புகை நச்சுத்தன்மை வாய்ந்தது. பிரேக் குழாய்களும் எரிபொருள் குழாய்களும் அருகிலேயே இருக்கின்றன. இவ்வகையில் சிறந்த வழி ஒன்று உண்டு. ஆர்மை வீட்டில் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, புஷ்ஷை மட்டும் பிரெஸ்ஸில் மாற்றி வாங்கி வந்து, மீண்டும் வீட்டில் பூட்டலாம். இதனால் செலவும் குறையும், வேலையும் கெடாது.

மூன்றாம் தரம் வீட்டில் அறவே செய்யத்தகாதது. சுருள் வில்லை அழுத்தி எடுக்க வேண்டிய வேலைகள் யாவும் இதில் அடங்கும். அழுத்தப்பட்ட சுருள் வில்லில் அடங்கியிருக்கும் சக்தி, பிடி நழுவினால் உயிரைக் கொள்ளவும் வல்லது. கயிற்றாலும் கம்பியாலும் கட்டி வைத்து இவ்வேலையில் இறங்குவோரைத் தடுப்பது அண்டை வீட்டாரின் கடமையும் ஆகும்.

பலரும் செய்யும் பிழை

வீட்டில் செய்யும் வேலையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். கழற்றத் தெரிந்தவர்களும், பூட்டத் தெரிந்தவர்களும்கூட இதனைச் செய்கின்றனர். வண்டி உயரத் தூக்கி வைக்கப்பட்டு, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுவதுமாக முடுக்கிவிடுவதே அப்பிழை.

ஆர்மின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றும், வண்டியைத் தூக்கும்பொழுது அதன் முனை 8 சென்டிமீட்டர் கீழே தொங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆர்ம் ஏறக்குறைய 15 பாகை திரும்பியிருக்கிறது. அந்நிலையில் முடுக்கினால், உட்குழாய் அக்கோணத்திலேயே நிலைத்துவிடும். வண்டியைத் தரையில் இறக்கியவுடன் ரப்பர் 15 பாகை முறுக்கத்துடன் நிற்கும். வண்டி ஓடாமல் நிற்கும் இரவு வேளைகளிலும் அதற்கு ஓய்வில்லை. மேட்டில் ஏறி ஆர்ம் மேலும் 10 பாகை உயர்ந்தால், மொத்த முறுக்கம் 25 பாகை ஆகிவிடும். சரியான முறையில் முடுக்கியிருந்தால், அதே மேட்டில் ரப்பர் 10 பாகை மட்டுமே முறுகும். புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துவிட்டது என்று கடைக்காரரைக் குறை கூறுவோர், தாங்கள் முடுக்கிய நிலையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆகவே போல்ட்டை முதலில் இலேசாகப் பிடித்துவைத்து, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் நிற்கும் இயல்பான நிலை வந்தபின்னரே இறுதியாக முடுக்க வேண்டும். முடுக்கும் அளவையும் மனம்போனவாறு வைத்துக்கொள்ளலாகாது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 25 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தினால், முறுக்கு விசை 10 கிலோகிராம் மீட்டர் ஆகும். வண்டிக்குரிய கைந்நூலில் தந்துள்ள அளவை இவ்வாறு கணக்கிட்டு ஒப்பிடலாம். முடுக்கம் குறைந்தால் உட்குழாய் போல்ட்டின்மீது சுழன்று துளையை முட்டை வடிவாக்கிவிடும்.

வேறு சில விதிகளையும் சுருக்கமாகக் கூறலாம். சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே இடைவெளிகள் விடப்பட்டிருக்கும். பழையது இருந்த திசையைக் குறித்துக்கொண்டு, புதியதையும் அதே திசையில் பதிக்க வேண்டும். ரப்பரை வழுக்கச் செய்யச் சோப்பு நீரே போதும், எண்ணெய் கூடாது. இடப்பக்கத்தை மாற்றினால் வலப்பக்கத்தையும் உடன் மாற்றுதல் நன்று. பழைய டயரை வெட்டிச் செய்த புஷ் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதன் கடினத்தன்மையும் அளவும் பொருந்தாமையால், சக்கரத்தின் நிலையே மாறிவிடும். வேலை முடிந்தபின் சக்கரங்களின் ஒழுங்கை அதற்குரிய கருவி உள்ள இடத்தில் சோதித்துக்கொள்வது அவசியம். வேண்டிய உறுப்புகள் அனைத்தையும் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். இல்லையேல் ஞாயிறு மாலை கடை அடைத்திருக்க, வண்டி பிரிந்து கிடக்க, அரைக்கிணறு தாண்டிய கதையாகிவிடும். அவசரத்தில் பழைய உறுப்பையே மீண்டும் பூட்டும் துணிவு அவ்வேளையில்தான் பிறக்கிறது.

கூரையைத் தட்டிப் பார்த்தல்

மேற்கூறியவற்றில் பிழை நேர்ந்தால் புஷ் கெடும், வண்டியும் கெடலாம். வண்டியைத் தாங்கும் முட்டில் பிழை நேர்ந்தால் மனிதன் கெடுவான். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு உரிய கருவி. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. தூக்கியவுடன் வண்டியின் சட்டத்தை எஃகு ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்த வேண்டும். செங்கல், கட்டடக் கல், ஹாலோ பிளாக் ஆகியவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும் இயல்புடையவை, அவற்றை நம்பலாகாது. லைன் வீடுகளின் முன்னுள்ள மண் தரை, மழைக்குப்பின் இளகிவிடும், சாய்வும் இருக்கும். ஆகவே சமதரையைத் தேடி, ஜாக்கிக்கும் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் தடித்த பலகையிட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்ல வேண்டும். குழந்தைகள் விளையாடும் சந்தில் இவ்வேலையைச் செய்தல் ஆகாது. அத்தகைய இடம் கிடைக்காத வீட்டார், எத்துணைத் திறமை உடையவராயினும், பட்டறைக்குச் செல்வதே முறை.

தங்கவயலின் மக்களுக்கு இவ்விதி புதியதன்று. சுரங்கத்தில், தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்டி, அதன் ஓசையைக் கேட்டு, தளர்ந்ததை நெம்பி வீழ்த்திய பின்னரே வேலை தொடங்குவர். ஓசை உள்ளீடற்று ஒலித்தால் அதன் கீழ் எவரும் நிற்கமாட்டார்கள். பாறையின் கீழ் பின்பற்றிய எச்சரிக்கையை வண்டியின் கீழ் கைவிடுவதற்கு நியாயம் ஏதுமில்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மீண்டு வந்த குடும்பங்களில், மூன்று சாண் உயரத்தில் தொங்கும் வண்டியின் கீழ் ஓர் உயிர் போவதைக் காட்டிலும் வருந்தத்தக்கது வேறில்லை.

ஆசிரியரும் கள ஊழியரும்

பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தச் சிறு ரப்பர் உருளை ஒரு சிறந்த பாடப்பொருள். பட்டறைகளில் பழைய புஷ்கள் கேட்டவுடன் கிடைக்கும். அவற்றுள் ஒன்றின் உட்குழாய், ரப்பர், வெளிக்குழாய் மூன்றின் குறுக்கேயும் சுண்ணக்கட்டியால் ஒரு நேர்க்கோடு இட்டு, வெளிக்குழாயை வைஸில் பிடித்து, உட்குழாயைச் சிறிது திருகி விடுவிக்கச் செய்யலாம். கோடு மீண்டும் நேராகிவிட்டால் ஒட்டு உறுதியாக உள்ளது. முறிந்தே நின்றால் ரப்பர் குழாயிலிருந்து விடுபட்டுவிட்டது. ஒரே அளவான இரு இயற்கை ரப்பர்த் துண்டுகளை, ஒன்றை என்ஜின் எண்ணெயிலும் மற்றொன்றைச் சோப்பு நீரிலும் சில நாட்கள் ஊறவைத்து அளந்தால், எண்ணெயில் இட்டது ஊதியிருப்பதை மாணவர்கள் தாங்களே காண்பர். மீள்சக்தி, உராய்வு, முறுக்கு விசை ஆகிய மூன்று பாடங்களும் இவ்வாறு செலவின்றி விளங்கிவிடும்.

கள ஊழியர்களின் கடமை வேறு. தங்கள் பொறுப்பிலுள்ள வாகனங்களின் மூட்டுகளைக் குறித்த காலங்களில் சோதித்து, ஓசை எழுந்த நாளையும், மாற்றிய நாளையும், ஓடிய தூரத்தையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வரவேண்டும். எந்தப் பாதையில், எந்தப் புஷ், எவ்வளவு காலம் உழைத்தது என்பது அப்பொழுதுதான் தெளிவாகும். மக்கள் ஆலோசனை கேட்கும்பொழுது, ‘முடியும்’ என்றோ ‘முடியாது’ என்றோ ஒரே சொல்லில் விடையளிக்காமல், மேற்கூறிய மூன்று தரங்களையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

கைத்திறன் ஒரு செல்வம். சுரங்கம் மூடப்பட்டதோடு அதுவும் மூடப்பட வேண்டியதில்லை. வீட்டு வாசலில் செய்யப்படும் சிறு பழுதுபார்ப்பு அத்திறனைக் காத்து, இளைஞர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் பள்ளியாக விளங்க முடியும். ஆனால் காரணம் அறிந்து செய்யும் கையே திறமையான கை. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அறிந்திருப்பதும் அத்திறமையின் ஒரு பகுதியே ஆகும்.